ஏரிக்கரைக்குப் போற மாப்ளைக்கு

மாப்ளே, இந்த வருஷமும் கொடைக்கானல்ல வீடு பிடிச்சுட்டியாமே! உங்கம்மா, அதான் என் தங்கச்சி, போன்ல சொன்னா. ஏரியைப் பார்த்த வீடாம், மூணு ரூமாம், கணப்பு இருக்காம், அடுப்படி இருக்காம். அடுப்படின்னு சொல்லும்போது மட்டும் அவ குரல் ஒரு கட்டை இறங்குச்சு. அது எனக்குக் கேட்டுச்சு, உனக்குக் கேக்காது. அதனாலதான் தாய்மாமன்ங்கிற உரிமையில நாலு வார்த்தை சொல்லலாம்னு நினைக்கிறேன். கேட்டா கேளு, கேக்காட்டி உன் பாடு.

மலைக்குப் போறவனை நான் தடுக்கிற ஆளில்லை. வத்தலக்குண்டுல பொறந்து, அங்கயே நரைச்சவன். ஏப்ரல், மே வந்துட்டா எங்க ஊர் வழியா ஒசக்க ஏறுற காரையும் பார்க்கிறேன், கீழ இறங்குற காரையும் பார்க்கிறேன். ஏறும்போது புருசனும் பொஞ்சாதியும் முன்சீட்டுல சிரிச்சுப் பேசிக்கிட்டுப் போவாங்க. இறங்கும்போது அவன் அங்கிட்டுப் பார்ப்பான், அவ இங்கிட்டுப் பார்ப்பா. பின்சீட்டுல ஒரு கிழவி மடியில பிள்ளை தூங்கும். நடுவுல மலை மேல என்ன நடந்துச்சுன்னு நான் யாரையும் கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை. உங்க கூட வந்து பிள்ளை பார்த்தவன்தானே நானும்.

இ-பாஸ் எடுத்துட்டியா? எடுத்திருப்ப. போன்ல முடியிற வேலை எதையும் நீ பாக்கி வச்சதில்லை. முன்னயெல்லாம் நினைச்சா வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிரலாம். ஐகோர்ட்டு உத்தரவுல 2024 மே மாசத்துலருந்து பாஸ் வேணும்னு ஆகிப்போச்சு. 2025 சீசனுக்கு வார நாள்னா 4,000 வண்டி, சனி ஞாயிறுன்னா 6,000 வண்டின்னு வரம்பும் கட்டுனாங்க. நல்லதுதான். மலை பாவம், எம்புட்டுதான் தாங்கும்! ஆனா நீ சனிக்கிழமைதான் போவ. லீவு போட்டு செவ்வாய்க்கிழமை போனா ஆபீஸ் இடிஞ்சு விழுந்துரும்ல.

வீட்டைப் பத்திக் கேட்டேன். போட்டோவுல ஜன்னலைத் திறந்தா ஏரி உள்ள வந்து உக்காருதாம். போன தடவை எடுத்த வீட்டுலயும் இப்படித்தான் எழுதியிருந்துச்சு. மாடியில நின்னு, இடது பக்கமா எக்கி, ரெண்டு ஓட்டல் சுவருக்கு நடுவுல ஒரு கண்ணை மூடிப் பார்த்தா ஒரு முழம் தண்ணி தெரிஞ்சது. அந்த ஒரு முழத்துக்குத்தான் நாள் வாடகையில பாதி. நீயும் அந்த ஒரு முழத்தைப் போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்புல போட்டுட்ட. ஏரி எங்க போயிரும்? கதவைத் திறந்து பத்து நிமிசம் நடந்தா முழுசா கெடக்கு. காசில்லாமப் பார்க்கலாம்.

அந்த ஏரிக் கதை தெரியுமா உனக்கு? தெரியாது. போட்டோவுல கதை விழாது. மதுரைப் பக்கம் வேலை பார்த்த அமெரிக்க மிஷன்காரங்க காலராவுலயும் காய்ச்சல்லயும் பெரியவங்க, குழந்தைங்கன்னு பலரைப் பறிகொடுத்தாங்க. மொதல்ல நம்ம சிறுமலையில தங்கிப் பார்த்தாங்க. அங்கயும் காய்ச்சல் விடலை. இன்னும் ஒசக்கப் போகணும்னு 1845-ல கொடைக்கானல்ல ரெண்டு பங்களா கட்டுனாங்க. மோட்டார் ரோடு வர்றதுக்கு முன்னாடி நம்ம பக்கத்துச் சனங்கதான் அவங்களை நாற்காலியில உக்கார வச்சு மலைக்குத் தூக்கிட்டுப் போனாங்க. கோடை வந்தா குஞ்சு குளுவானோட மேல ஏறுற பழக்கம் அப்படி வந்தது. பிள்ளைங்க உசிரோட இருக்கணும்னு அவங்க ஏறுனாங்க. நீ எதுக்கு ஏறுறங்கிறதை அப்புறம் பேசுவோம்.

ஏரி தானா உண்டானதில்லை. சதுப்பா கெடந்த பள்ளத்துல ஓடுன ஓடையை மறிச்சு, 1863-ல கரை கட்டுனவர் லெவிஞ்ச்னு ஒரு கலெக்டர். மதுரைக் கலெக்டரா இருந்தவர். படகுக்குத் தூத்துக்குடி வரைக்கும் ஆள் விட்டாராம். கடல்ல ஓடவேண்டிய படகு மலைமேல ஏறி வந்துச்சு. கிட்டத்தட்ட 60 ஏக்கர் தண்ணி, நட்சத்திரக் கணக்கா கை கால் நீட்டிக் கெடக்கு, சுத்தி வந்தா 5 கிலோமீட்டர். ஒரு கலெக்டர் தனக்குப் பிடிச்ச ஊருன்னு ஒரு ஏரியையே உண்டாக்கி வச்சிட்டுப் போயிருக்கார். நீ அதைச் சுத்தி ஒரு தடவை நடந்திருக்கியா? கார்ல சுத்துனதெல்லாம் கணக்குல வராது.

சரி, மூட்டை கட்டுற கதைக்கு வருவோம். ஒங்க வீட்டுச் சாமானைப் பார்த்தா பொண்ணுக்குச் சீர் கொண்டுபோற மாதிரி இருக்கு. ஆளுக்கு மூணு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, சின்னவனுக்குப் பாட்டரிக் கார், பெரியவளுக்கு வரையிற நோட்டு, ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு டேப்லெட், அதுக்கு சார்ஜர், சார்ஜருக்கு ஒரு சார்ஜர். போன தடவை மிக்ஸியையும் தூக்கி வச்சியே, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஓய்வெடுக்கப் போறவன் மிக்ஸியோட போறான்! எடுத்து வைக்கிறது நீ, அரைக்கப்போறது யாருன்னு கேட்டேன். காதுல விழாத மாதிரி டிக்கியைச் சாத்துன. இன்னொண்ணு, பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு போகாத. அங்க 5 லிட்டருக்குக் குறைஞ்சதுக்குத் தடை. எவர்சில்வர் தூக்கு ரெண்டு வாங்கிக்க. உங்கப்பன் காலத்துத் தூக்கு பரண்ல கெடக்கு, அதுவே போதும்.

மலை ஏறும்போது வாந்தி வரும். வரும்னு தெரியும், வருஷா வருஷம் வருது. இருந்தும் அடிவாரத்துல நிறுத்தி, பிள்ளைகளுக்குப் பரோட்டாவும் சால்னாவும் ரோஸ் மில்க்கும் ஊட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்ப. அப்புறம் வளைவுக்கு வளைவு டேப்லெட்டைக் குனிஞ்சு பார்க்கச் சொல்லுவ, அப்பத்தான் சத்தம் போடாம வரும்னு. வண்டி ஒரு பக்கம் திரும்புது, கண்ணு ஒரே இடத்துல நிக்குது, காதுக்குள்ள இருக்கிற தராசு குழம்பிப் போகுது. அதான் குமட்டல். பிள்ளையை ஜன்னல் வழியா தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லு. வகுத்துல ரெண்டு இட்லிக்கு மேல போடாத. விடியக்காலம் கிளம்பு. இதெல்லாம் காசு கொடுத்து வாங்கவேண்டிய வைத்தியம் இல்லை. இல்ல, எனக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னா, பழையபடி என் தங்கச்சி கையில பையைக் கொடுத்து பின்சீட்டுல உக்கார வை. அவளுக்கும் பழகிப்போச்சு. நீ கண்ணாடியில பார்த்து, "அம்மா, பார்த்து, சீட்டுல படப்போகுது"ன்னு ஒரு குரல் கொடுத்தா உன் கடமை முடிஞ்சுது.

ஊருக்கு 8 கிலோமீட்டர் இருக்கும்போது வெள்ளி அருவி வரும். எல்லாரும் இறங்குவீங்க. 180 அடி உசரத்துலருந்து விழுகிற தண்ணி முன்னாடி நின்னு போட்டோ எடுப்பீங்க. நீ எந்த ஏரியைப் பார்க்கப் போறியோ, அது நிறைஞ்சு வழிஞ்ச தண்ணிதான் அது. உனக்கு முன்னாடி ஏரி கீழ கிளம்பிருச்சு. அதுக்கும் சீசன்ல மேல இருக்கப் பிடிக்கலை போல.

இப்ப வீட்டுக்குள்ள வந்தாச்சு. குளிருது. சமவெளியை விட்டு 1,000 மீட்டர் ஏறுனா ஆறு, ஆறரை டிகிரி குறையும். நீ ஏறுனது 2,000 மீட்டருக்குப் பக்கம், கணக்கைப் போட்டுக்க. பிள்ளைக குளிரைக் கண்டுக்கிடாம வெளிய ஓடும். நீ போர்வைக்குள்ள பூந்து, "டீ கிடைக்குமா"ன்னு கேப்ப. யாரைப் பார்த்துக் கேட்ட? சுவரைப் பார்த்துத்தான். ஆனா சுவருக்கு டீ போடத் தெரியாது. ஆறு மணி நேரம் பிள்ளையை மடியில வச்சு உக்கார்ந்து வந்த உன் பொஞ்சாதி எந்திரிச்சுப் போவா. புது அடுப்பு, லைட்டர் எங்கன்னு தெரியாது, சீனி டப்பாவுல உப்பு. அவளோட லீவு அங்கதான் தொடங்குது.

அப்புறம் பருப்பு. போன வருஷம் சாம்பார்ல பருப்பு வேகலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டியே, ஞாபகம் இருக்கா? அது அவ குத்தம் இல்லை மாப்ளே, மலையோட குத்தம். நம்ம ஊர்ல தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். ஒசக்கப் போகப்போகக் காத்தோட அழுத்தம் குறையும், 7,000 அடியில 93 டிகிரியிலயே கொதிக்க ஆரம்பிச்சுரும். கொதிக்கிறது உன் கண்ணுக்குத் தெரியும், பருப்புக்குத் தெரியாது. குக்கர்ல கூட நாலு விசில் விடணும். படிச்ச பிள்ளை, இன்ஜினியர் வேற! இது உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். பரீட்சையில எழுதியிருப்ப. சாம்பாருக்கு முன்னாடி வந்ததும் மறந்துபோச்சு.

நான் கேக்கிறது ஒண்ணுதான். இந்தக் குடும்பத்துல லீவு யாருக்கு? உனக்கு, சரி. பிள்ளைகளுக்கு, அதுவும் சரி, ஸ்கூல் இல்லை. உன் பொஞ்சாதிக்கு? வீட்டுலயாவது பாத்திரம் தேய்க்க ஒரு அம்மா வந்து போவா. இங்க அதுவும் இல்லை. அவ பார்க்கிற வேலையை 7,000 அடி ஏத்தி வச்சு, குளிர்ந்த தண்ணியில செய்யச் சொல்லி, அதுக்கு வாடகையும் கட்டுற. என் தங்கச்சிக்கு? அவளை எதுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு கேட்டா, "அம்மா எங்கயும் போனதில்ல மாமா, பாவம்"னு உருகுவ. சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் ஏரிக்கரையில கைகோத்து நடக்கணும்னா சின்னவனைப் பார்த்துக்க ஆள் வேணும். அதைச் சொல்லிரேன். அவ கோவிச்சுக்க மாட்டா. பேரனைப் பார்த்துக்கிறதுல அவளுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. சுத்திப் பார்க்கக் கூட்டிட்டு வந்தேன்னு ஊருக்கெல்லாம் சொல்லாத, அம்புட்டுதான்.

மறுநாள் காலையில லிஸ்ட்டை எடுப்ப. கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா, தூண் பாறை, பைன் காடு, குணா குகை, டால்பின் மூக்கு. ஒரே பகல்ல அம்புட்டும். கோக்கர்னு ஒரு ராணுவ அதிகாரி 1872-ல பைய நடக்கிறதுக்குன்னு பாதை போட்டார். நீ அதுல ஓடுவ, அடுத்த இடத்துக்கு நேரமாச்சுன்னு. தூண் பாறையில மேகம் மூடியிருக்கும். பாறை தெரியாது, பாறையைப் பார்க்க வந்த கூட்டம் தெரியும். குணா குகைக்கு வந்தா, "இதுலதான் அந்தப் படம் எடுத்தாங்க"ன்னு சின்னவனைத் தோள்ல தூக்கிக் காட்டுவ. குணா படம் வந்தது 1991, மஞ்சும்மல் பாய்ஸ் 2024. ரெண்டையும் பார்க்காத நாலு வயசுப் பய கம்பி வேலிக்கு இங்கிட்டு நின்னு எதைப் பார்த்து மெய்மறக்கணும்? அவன் கேட்டது சுட்ட மக்காச்சோளம். அதுவும் வழியிலயே கிடைச்சது. "இம்புட்டு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்தா சோளக்கருதைக் கேக்குதே"ன்னு நீ தலையில அடிச்சுக்கிட்ட. அது சரியாத்தான் கேட்டுச்சு மாப்ளே. உப்பும் மிளகாப்பொடியும் எலுமிச்சையும் தடவி, பனியில சூடா தின்ன சோளக்கருதை அது மறக்காது. டால்பின் மூக்கை நீயே மறந்துருவ.

சின்னப் பிள்ளைக்கு ஊர் சுத்திப் பார்க்கிறது தண்டனை. அதுக்கு ஒரு இடம் போதும். கரையோரம் ஒரு கல்லு, தண்ணியில எறியக் கூழாங்கல்லு, ஓட ஒரு புல்தரை, வாத்து ரெண்டு இருந்தா ரொம்ப விசேசம். காலையில எறிஞ்ச கல்லையே சாயங்காலமும் எறியும். "போரடிக்கலையா"ன்னு நீ கேப்ப. அதுக்கு அந்த வார்த்தையே உன்கிட்டருந்துதான் வந்துச்சு.

நீ வருஷா வருஷம் ஒரே ஊருக்குப் போறதை உன் கூட்டாளிங்க கேலி பண்றாங்களாமே, "மறுபடியும் கொடைக்கானலா"ன்னு. இந்த ஒரு விஷயத்துல நான் உன் கட்சி. தாய்லாந்து போறவன் போகட்டும். கொடைக்கானல் மலைமேல சூரியனை ஆராய்ச்சி பண்ற கூடம் ஒண்ணு இருக்கு, 1899-ல ஆரம்பிச்சது. நூறு வருஷத்துக்கு மேல ஒரே சூரியனை நாள் தவறாம, மேகம் விட்டா, படம் பிடிச்சு வச்சிருக்காங்க. சலிக்கலை. எவர்ஷெட்ங்கிற வெள்ளைக்காரர் அப்படிப் பார்த்துத்தான் 1909-ல சூரியனோட கரும்புள்ளியில வாயு நடுவுலருந்து வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிச்சார். இன்னைக்கும் அதுக்கு அவர் பேர்தான். அவரும் உன்னைய மாதிரி தூண் பாறைக்கு லேட்டாச்சுன்னு ஓடியிருந்தா?

பிள்ளைக்கும் அதேதான். போன வருஷம் எட்டாத கேட் தாழ்ப்பாள் இந்த வருஷம் எட்டும். போன வருஷம் குதிரையைப் பார்த்து அழுதவ இந்த வருஷம் அதுக்குக் கேரட் கொடுப்பா. அதே படி, அதே மரம், அதே சைக்கிள் கடைக்காரர், "பாப்பா வளர்ந்துட்டாளே"ன்னு சொல்ல ஒரு ஆள். தான் வளர்ந்தது பிள்ளைக்குத் தெரியணும்னா வளராத இடம் ஒண்ணு வேணும். இடத்தை மாத்திக்கிட்டே இருந்தா அது எதை வச்சு அளக்கும்? குறிஞ்சி இருக்கே, 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும். 2018-ல மலை நீலமாச்சு. அடுத்தது 2030. பெரியவளுக்கு அதுக்குள்ள விவரம் வந்துரும், கூட்டிட்டுப் போய்க் காட்டு. ஆனா மே மாசத்துல போய்க் குறிஞ்சி எங்கன்னு தேடாத. ஆடி ஆவணி வாக்குலதான் பூக்க ஆரம்பிக்கும். பூவுக்கு உன் ஆபீஸ் லீவு தெரியாது.

கேலியை விட்டுட்டு ஒண்ணு சொல்றேன், இதுல மட்டும் காதைக் கொடு. தண்ணி. ஏரிக்கரையில நாலு பெரியவங்க நிக்கிறீங்க, எல்லாரும் பிள்ளையைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்கன்னா ஒருத்தரும் பார்க்கலைன்னு அர்த்தம். நீ அவ பார்க்கிறான்னு நினைப்ப, அவ அத்தை பார்க்கிறாங்கன்னு நினைப்பா, என் தங்கச்சி நடைக்கு மூச்சு வாங்கி எங்கயோ உக்கார்ந்திருப்பா. சினிமாவுல முங்குறவன் கையை ஆட்டிக் கத்துவான். சின்னப் பிள்ளை கத்தாது, சத்தமில்லாமப் போயிரும். அதனால ஆள் பேரைச் சொல்லி ஒப்படை. "இந்த அரை மணி நேரம் நான்"னு ஒருத்தன் வாய்விட்டுச் சொல்லணும். சொன்னவன் கையில போன் இருக்கக் கூடாது. படகுல ஏறுனா மொதல்ல மிதவைச் சட்டை, அப்புறம் போட்டோ. "அஞ்சு நிமிசம்தானே"ன்னு படகுக்காரர்கிட்ட வாதாடாத.

காட்டுமாடு ஊருக்குள்ளயே வரும். தோட்டத்துல மேஞ்சுக்கிட்டு நிக்கும். சாதுவாத்தான் தெரியும். நீ போனைத் தூக்கிக்கிட்டுக் கிட்டப் போவ. அது ஒரு டன் எடைக்குக் கிட்ட வரும் மாப்ளே, உன்னைய அது போட்டோ எடுக்காது. ஜன்னலுக்கு உள்ளருந்து பிள்ளைக்குக் காட்டு, அதுக்கு மேல வேணாம். ராத்திரி குளிருதுன்னு கரி அடுப்பையோ கணகணன்னு இருக்கிற தணலையோ ரூமுக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திட்டுப் படுக்காத. புகை தெரியாது, வாசனை இருக்காது, தூக்கத்துலயே ஆளை முடிச்சுரும். இன்னும் ரெண்டு கம்பளி கேட்டு வாங்கு.

அப்புறம் உன் கூட்டாளிங்க. மூணாம் நாள் சாயங்காலம் ரெண்டு பேரு "தற்செயலா" வந்து சேருவாங்க. விறகுக் கட்டு வாங்கி வெளிய தீ மூட்டுவீங்க. சின்னவனுக்கு அதைப் பார்க்க ஆசை. அவனை, "குளிருது, உள்ள போ"ம்ப. தீ மூட்டுன இடத்துல குளிருமா? நீங்க குடிக்கிறதை அவன் பார்க்கக் கூடாது, அதுதான் சங்கதி. அவனுக்குத் தெரியும்டா. "அப்பா ஜூஸ் குடிக்கிறாரு, அது குடிச்சா சத்தமாச் சிரிப்பாரு"ன்னு என்கிட்ட வந்து சொன்னான். காலையில லேப்டாப்பைத் திறந்து, "ஒரே ஒரு மீட்டிங்"ம்ப. ஒரே ஒரு மீட்டிங் மத்தியானச் சோறு வரைக்கும் போகும். வெளிய மழை புடிச்சுக்கும். ரெண்டு பிள்ளையும் ஒரு ரூமுக்குள்ள, கிழவியும் கிழவனும் கதை சொல்லணும். நாங்க சொல்றோம். எங்களுக்குத் தெரிஞ்சது பேய்க்கதைதான். ராத்திரி பூரா அதுக பயந்து உன் கட்டில்ல வந்து படுத்தா அதுக்கு நாங்க பொறுப்பில்லை.

இறங்குற அன்னைக்குக் கடைவீதி. சாக்லேட்டு, தைலம், பிளம்ஸ், பேரிக்காய், மலைப்பூண்டு. பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, நல்ல காரமான பூண்டு, வாங்கு. ஆனா அஞ்சு கிலோ வாங்காத. உரிக்கிறது என் தங்கச்சி. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், "டயர்டா இருக்கு, ஒரு நாள் லீவு சேர்த்துப் போட்டிருக்கணும்"னு சோபாவுல சாய்வ. அஞ்சு நாள் ஓய்வெடுத்த களைப்பு. உன் பொஞ்சாதி அழுக்குத் துணியை மிஷின்ல போட ஆரம்பிச்சிருப்பா, ஸ்வெட்டரெல்லாம் சேத்து.

இம்புட்டும் கேட்டுட்டு, "அப்போ போகவே வேணாங்கிறீங்களா மாமா"ன்னு கேப்ப. அப்படிச் சொன்னா நான் மாமனே இல்லை. போ. வருஷம் தவறாமப் போ. அதே வீடு கிடைச்சா அதையே பிடி, இல்லாட்டி அதே தெருவுல பிடி. லிஸ்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு நாளுக்கு ஒரே ஒரு இடம் வச்சுக்க, அதுவும் பிள்ளை கேட்டா. மீதி நேரம் ஏரிக்கரைதான். மத்தியானச் சோத்துக்கு மெஸ்ஸுல சொல்லிரு. காலைக் கஞ்சியும் ராத்திரி உப்புமாவும் உன் கையால. உப்புமாவுக்குப் பருப்பு வேகணுங்கிற கவலை இல்லை, பயப்படாத. பாத்திரம் கழுவுறதும் உன் கணக்குலதான். ஒரு முழு நாள் உன் பொஞ்சாதி தனியா எங்க வேணாப் போகட்டும், எத்தனை மணிக்கு வருவன்னு கேக்காத. என் தங்கச்சிக்கு ஏரி தெரியிற ரூமைக் கொடு. ஒரு முழம் தெரிஞ்சாலும் பரவாயில்லை. உன் பொஞ்சாதி தனியா போற அன்னைக்குப் பேரனைப் பார்க்கிற வேலை அவளுக்குக் கிடையாதுன்னு முன்னாலயே சொல்லிரு.

இதுக்கெல்லாம் சம்மதம்னா நானும் வர்றேன், பிள்ளைகளைப் பார்த்துக்கிறேன். மிக்ஸியை எடுத்து வச்சேன்னு தெரிஞ்சா வத்தலக்குண்டுலயே இறங்கிக்கிடுவேன்.